தளவாய் தோண்டிய தாமரைக் குளம்

ஊர்க் கிணறுகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிரித்துவிட்ட கோடை அது. மருதங்காவு நகரத்தில் இரண்டே கிணற்றில்தான் தண்ணீர் இருந்தது. ஒன்று நெசவாளர் தெருவில். அதை நம்பித்தான் அந்தத் தெருவே உலை வைத்தது. இன்னொன்று தளவாய் உக்கிரபாண்டியின் மாளிகையில். அதில் அவருடைய பூச்செடிகள் மட்டும் சுகமாகக் குளித்தன.

அப்படியும் மனுஷனுக்கு ஆசை அடங்கவில்லை. தாமரைக் குளம் வேண்டுமென்று தோட்டத்தைத் தோண்டினார். ஆளுயரத்துக்குக் கீழே பழங்காலத்துச் சுடுமண் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கிடந்தன. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே தோண்டிப் போனால், நெசவாளர் தெருக் கிணற்றடித் தொட்டியில் போய் முடிந்தது. தளவாய்க்குத் தலைகால் புரியவில்லை. ராஜாவையே கையோடு அழைத்து வந்துவிட்டார்.

“பார்த்தீர்களா மகாராஜா? என் முப்பாட்டன் போட்ட குழாய். இந்தக் கிணற்றுத் தண்ணீர் அப்போதே எங்கள் மாளிகைக்குத்தான் வந்திருக்கிறது. பழைய உரிமையைத் திருப்பித் தாருங்கள்.”

வீரகேது மகாராஜாவுக்குப் பழைய வழக்கம் என்றால் போதும், மறுபேச்சு கிடையாது. நெசவாளர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அதைப் பார்த்து, அவையின் வாய்ச்சாலக்காரன் மயிலேறிக்குப் பொறுக்கவில்லை. மெல்லக் குழிக்குள் இறங்கிக் குழாயைத் தடவினான்.

“என்ன மயிலேறி, பூரான் தேடுகிறாயா?” என்று தளவாய் சீண்டினார்.

தடவிய கை சட்டென்று நின்றது. மயிலேறிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

“தளவாய் கேட்பது நியாயம்தான் மகாராஜா. ஆனால் பழைய வழக்கத்தில் மயிரிழைகூட மாறக்கூடாது. என்ன சொல்கிறீர்கள் தளவாய்?”

“மாறவே கூடாது!”

“அப்படியே ஆகட்டும். அன்று தண்ணீர் எப்படிப் போனதோ, இன்றும் அப்படியே போகும். இது என் ஆணை” என்றார் ராஜா.

மயிலேறி இரண்டு குழாய்களைச் செருகியபடியே தூக்கி வந்தான். முதலில் தெருப்பக்கம் இருந்த குழாய்வாய்க்குள் தண்ணீர் ஊற்றினான். இணைப்பில் பொத்துக்கொண்டு அவன் வேட்டியை நனைத்தது. பிறகு மாளிகைப்பக்கம் இருந்த வாய்க்குள் ஊற்றினான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“குறுகின வாய் எந்தப் பக்கம் செருகியிருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் தண்ணீர் ஓடும் மகாராஜா. இங்கே எல்லாக் குழாய்களின் குறுகின வாயும் தெருவைப் பார்த்துக் கிடக்கிறது. மாளிகைக் கிணற்றிலிருந்துதான் தெருவுக்குத் தண்ணீர் போயிருக்கிறது.”

தளவாயின் முகம் சுண்டிப்போயிற்று. “மகாராஜா, அது ஏதோ அந்தக் காலத்தில்...”

“மாறவே கூடாது என்று நீர்தானே ஐயா சொன்னீர்?” ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றே குழாயைச் சீர்செய்து தண்ணீர் விடச் சொல்லிவிட்டு, “உனக்கு என்ன வேண்டும், கேள்” என்றார் மயிலேறியிடம்.

“பெரிதாக ஒன்றுமில்லை மகாராஜா. பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. முப்பாட்டன் தருமத்துக்கு விட்ட தண்ணீரில் ஒரு சொம்பு, தளவாயே தம் கையால் இறைத்துக் கொடுத்தால் தேவலை.”