எதிர்ப்பக்கம் மடித்த இலை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு, உலகத்து மனிதர்களை எல்லாம் ஊருக்கு ஒரு வரியில் தெரிந்துகொண்டுவிட ஆசை வந்தது. மந்திரி சேந்தனுக்கு வாய் ஊறியது.

"கடற்கரையார் வாயாடிகள், மகாராஜா. மலையார் வஞ்சகர்கள்."

"நம் விகடன் அம்பலவன்?"

"இளித்துக்கொண்டே பிறந்தவன், இளித்துக்கொண்டே சாவான்."

சபை சிரித்தது. அம்பலவனும் சிரித்தான். அது அவன் பிழைப்பு.

மலைநாட்டிலிருந்து பொறையன் என்ற தூதர் வந்தார். விருந்தில் நாலு வாய் உண்டார். பிறகு இலையைத் தன் பக்கம் மடிக்காமல், சாவு வீட்டில் மடிப்பதுபோல எதிர்ப்பக்கம் மடித்துவிட்டு எழுந்து போனார்.

ராஜாவின் முகம் கறுத்தது. "என் வீட்டில் சாவு விழட்டும் என்கிறானா?"

"மலையார் வழக்கத்தில் அது போர் அறிவிப்பு, மகாராஜா. தலையை எடுத்துவிடலாம்" என்றார் சேந்தன்.

"எதற்கும் அவரையே ஒரு வார்த்தை கேட்கலாமே" என்றான் அம்பலவன்.

சேந்தனுக்கு அவன்மேல் பழைய எரிச்சல். "கேட்டால் மலையான் பொய்தான் சொல்வான். ஒரு கேள்வியும் கேட்காமல் இவன் காரணத்தை அறிந்து வரட்டும். தவறினால் இவன் தலையும் சேர்ந்து போகட்டும்."

ராஜாவுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்."

அம்பலவன் தூதரின் அறைக்குப் போனான். எதிரே இலை போட்டு, பேசாமல் சாப்பிட்டான். முடிந்ததும் எதிர்ப்பக்கம் மடித்தான். கை தயங்கவில்லை. ஐப்பசியில் அவன் வீட்டிலேயே பழகிய கை. அரண்மனையில் யாருக்கும் அது தெரியாது.

தூதர் இலையையே பார்த்தார். "உங்க வீட்ல யாரு?"

"மக. காய்ச்சல்ல போயிட்டா."

"எனக்கு மகன். வர்ற வழியில ஆத்தோட போயிட்டான். கரையிலயே எரிச்சுட்டு வந்தேன். சபையில அழக் கூடாதில்ல? உங்க நாட்டுச் சாவு வீட்ல இப்படி மடிக்கிறதப் பாத்தேன். மடிச்சா யாராவது கேப்பாங்கன்னு நெனச்சேன்."

அம்பலவன் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னான். "அது மலையார் வழக்கம் இல்லை, மகாராஜா. நம் வழக்கம். நான் எதையும் கேட்கவில்லை. அவர்தான் என்னைக் கேட்டார். மகள் செத்ததைச் சொன்னேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம் இலையே உமக்குத் தெரியவில்லையே, சேந்தனாரே!" தூதரைக் குதிரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவன் கழுத்தில் போட்டார்.

"அடேய், பலே ஆள் நீ! ஒரு தூதனை மடக்க உன் வீட்டிலேயே ஒரு சாவை இட்டுக்கட்டிவிட்டாயே!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது.

அம்பலவனும் சிரித்தான்.