கரைக்குக் கீழே ஒரு விருந்து

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டை நீலவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் போட்ட உத்தரவு மாலை வரை தாங்காது. ஒருநாள் தலை நிறையச் சீயக்காய் தேய்த்து உட்கார்ந்திருந்தபோது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. கண் எரிய எரிய, ஈரத் துண்டோடு சபைக்கு ஓடி வந்தான்.

"ஏரி நிரம்பித் தளும்புகிறது, என் தலைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் இல்லையா? இனி ஏரியும் குழாயும் அரசாங்கத்துக்கே சொந்தம்!"

ஊர்ஜனம் மூன்று வருஷமாக இதைத்தான் கத்திக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் ராஜாவின் கண் எரியவில்லை.

ராஜாவின் தாத்தாவிடம் ஏரியை விலைக்கு வாங்கிய குடும்பத்து வாரிசு தனபூபதி. சபையில் முதல் வரிசைக்காரர். அவர் பதறவே இல்லை. "தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், மகாராஜா. விலை ஒரு லட்சம் பொன். கரை மலை மாதிரி, குழாய் நேற்றுப் புதைத்த மாதிரி. ஆனால் இதை நடத்த அரசாங்கத்துக்குத் தெரியுமா?"

கஜானாவில் இருந்ததோ ஆயிரம் பொன். ராஜா மந்திரி திருமேனியார் மேல் பாய்ந்தான். "வெள்ளிக்கிழமைக்குள் ஏரி என் கைக்கு வரவேண்டும்! இல்லையென்றால் ஆயுசு முழுக்க அரண்மனைக் குடம் உம் தலையில்தான்!"

மந்திரிக்கு அறுபத்தெட்டு வயது, முதுகுவலி வேறு. நேரே மடை திறக்கும் மாடத்தியிடம் போனார். "தனபூபதி இதை எப்படித்தான் நடத்துகிறார், அம்மா?"

"அவரா? இந்தப் பக்கம் வந்தே பதினெட்டு வருசமாச்சு சாமி. மடை தொறக்கறது நானு, ஒடைஞ்ச குழாயில துணி சுத்தறது எங்க வீட்டுக்காரரு. கரை பூரா நண்டு வளை. பாதித் தண்ணி கீழ ஒழுகுது."

மறுநாள் சபையில் மந்திரி, "ஒரு லட்சத்துக்குச் சம்மதம்" என்றார். ராஜா கஜானாச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "ஆனால் நம் நாட்டு வழக்கம் ஒன்று உண்டல்லவா? ஏரியைக் கைமாற்றுகிறவர், அது நிரம்பியிருக்கும்போது குடும்பத்தோடு கரைக்குக் கீழே உட்கார்ந்து விருந்து சாப்பிட வேண்டும். கரைதான் மலை மாதிரி ஆயிற்றே!"

சபைக்கு நடுவே பெருமையடித்த மனிதரால் மறுக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கரைக்குக் கீழே இலை போட்டார்கள். தண்ணீர் முழுக்கக் கரையை முட்டட்டும் என்று மாடத்தி மடைகளை இறுக அடைத்தாள். பருப்பு பரிமாறியதும் கரைக்குள்ளே களக்கென்று ஒரு சத்தம்.

"ஏங்க, இந்தக் கரையில கடைசியா எப்பங்க மண்ணு கொட்டினீங்க?" என்றாள் தனபூபதியின் மனைவி.

"பேசாம சாப்பிடு." தனபூபதி மந்திரி பக்கம் திரும்பினார். "மந்திரியாரே, ஐம்பதாயிரம் போதும். எழுந்திருக்கலாமா?"

"ரசம் வரட்டும்."

ரசத்துக்கு முன் தனபூபதியின் முதுகில் தண்ணீர் பீய்ச்சியது. விலை ஐயாயிரமானது. பாயசப் பாத்திரம் தூரத்தில் தெரிந்தபோது இலையைத் தாண்டிக் குதித்தார். "சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்! மராமத்து என்று சொல்லி ஊரில் வசூலித்ததையும் கொடுத்துவிடுகிறேன்! எங்களை மேலே ஏற விடுங்கள்!"

மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த ராஜா கைகொட்டிச் சிரித்தான். மந்திரிக்கு முத்துமாலை, மாடத்திக்கு ஏரி அதிகாரி பதவி. "ஏரி என்னுடையது! அந்த மராமத்துப் பணத்தில் முதலில் எனக்கொரு குளியல் மண்டபம் கட்டுங்கள்!"

"கட்டிரலாம் மவராசா" என்றாள் மாடத்தி. "ஆனா இப்ப ஏரி உங்களுது. இலையும் போட்டிருக்கு. உக்காருங்க, பாயசம் ஆறுது."

ராஜா இலையைப் பார்த்தான், கரையைப் பார்த்தான். பாயசம் ஆறுவதற்குள் நாட்டிலுள்ள மண்வெட்டி அத்தனையும் கரைமேல் ஏறியிருந்தன.