ஆற்றில் நின்றவன்

"சாமி, வேலப்பன் ஆத்தை விட்டு வரமாட்டேங்கிறான்!"

சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றான் சீடன் சேந்தன்.

"அவனை யாருடா அங்க போகச் சொன்னது?" என்றார் குரு.

"நீங்கதான்."

"நானா?"

"அதாவது... உங்க குரல்."

குருவுக்குப் புரிந்துவிட்டது. மடத்தில் சேந்தனின் தொண்டைக்குத் தப்பிய குரல் கிடையாது. சமையல்காரரின் சலிப்பு, மடத்துப் பசுவின் பசி, குருவின் கொட்டாவி எல்லாம் அச்சு அசலாக வரும்.

"என்ன சொல்லித் தொலைச்சே?"

"நேத்து எல்லார் முன்னாடியும், 'விடாமுயற்சின்னா வேலப்பனைப் பாருங்கடா'ன்னு சொன்னீங்கல்ல? அதான், பார்க்கலாமேன்னு... காலையில சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு உங்களை மாதிரி கனைச்சேன். 'வேலப்பா, ஆத்துல போய் நில்லு, நான் வர்றேன்'னேன். கொஞ்ச நேரத்துல அலுத்துப்போய் வந்துடுவான்னு நினைச்சேன் சாமி. மேற்கே மழை. தண்ணி மார்புக்கு ஏறிடுச்சு. கத்திப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன். அசையமாட்டேங்கிறான்!"

குரு வெறுங்காலோடு ஓடினார்.

ஆறு செம்மண் நிறத்தில் புரண்டது. நடுவில் ஒரு தலை, இரண்டு தோள்கள்.

"வேலப்பா! ஏறி வா! சொன்னது நான் இல்லடா, இந்தக் குரங்கு!"

"தெரியும் சாமி."

குரு கரையிலேயே நின்றுவிட்டார்.

"தெரியுமா?"

"அப்பவே தெரியும். நீங்க கனைச்சா கூடவே இருமல் வரும்."

"அப்புறம் எதுக்குடா நின்னே, பாவி!" என்று அலறினான் சேந்தன்.

"'நில்லு, வர்றேன்'னு யார் சொன்னாலும் எனக்குக் கால் நகராது."

தண்ணீர் தோளைத் தொட்டது.

"சின்னப் பிள்ளையில, தேர்த் திருவிழாவுல, அம்மா அப்படிச் சொல்லிட்டுத்தான் போச்சு. இருட்டுற வரைக்கும் நின்னேன் சாமி. பசி தாங்கல. பொரி விக்கிற பக்கம் போயிட்டேன்."

குரு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"உடனே திரும்பி வந்து நின்னேன். விடிய விடிய நின்னேன். அந்தக் கொஞ்ச நேரத்துல அம்மா வந்து பார்த்துட்டுப் போயிருச்சோ என்னவோ."

சேந்தன் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

குரு ஆற்றில் இறங்கினார். இழுப்பைச் சமாளித்து அவனருகே போனார். அவனைத் தோளால் மெல்ல நகர்த்தி, அவன் நின்ற இடத்தில் நின்றுகொண்டார்.

"நீ போய்ச் சாப்பிடு," என்றார். "அம்மா வந்தா நான் சொல்றேன்."