மொண்ணையன் பேச்சு

ஆற்றங்கரையில் ஒரு சின்ன மடம். ஒரு குரு, ஏழெட்டுச் சீடர்கள், சமையலுக்கு ஒரு பெண். சாயங்காலமானால் ஊரே கதை கேட்க வந்து உட்கார்ந்துவிடும்.

கதை சொல்வது செங்கோடன் என்ற சீடன். அவனுக்கும் குருவுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. காங்கயம் பக்கத்துக்காரன். ஆனால் தன் ஊர்ப் பேச்சைச் செருப்போடு சேர்த்து மடத்து வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தவன்.

அவன் கதையில் ராஜா செந்தமிழ் பேசுவார். கடவுள் அதைவிடச் சுத்தமாகப் பேசுவார். மொண்ணையன் என்று ஒரு முட்டாள் வேலைக்காரன் வருவான். அவன் மட்டும் ரெத்தினபாய் மாதிரிப் பேசுவான்.

ரெத்தினபாய்தான் அந்தச் சமையல்காரப் பெண். தெற்கே தக்கலைப் பக்கம் அவளுக்கு. சோறு வடித்ததும் அடுக்களை வாசலில் வந்து நின்று, "எல்லாரும் உண்ண வாருங்கோ மக்களே..." என்று கூப்பிடுவாள். கடைசி எழுத்தைத் தூக்கி, ஒரு வளை வளைத்து, மெல்ல இறக்குவாள். பசிக்காதவனுக்கும் பசித்துவிடும்.

அவளோடு உட்கார்ந்து கிழங்கு உரித்தபோதுதான் செங்கோடன் அந்த இழுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"மூடனே, அந்த மரத்தை வெட்டு!" என்பார் கதையில் ராஜா.

"வெட்டுகேன் ராசாவே. ஆனா மரத்துக்க மேல நானாக்கும் இருக்கியேன். இப்ப யார முதல்ல வெட்டணும்?" என்பான் மொண்ணையன்.

ஊர் உருண்டு புரண்டு சிரிக்கும். குருவும் சிரிப்பார்.

ரெத்தினபாயும் முதலில் சிரித்தவள்தான். "அது எனக்க நாக்காக்கும்! களவாண்டுட்டுப் போயிட்டீரே அண்ணே!" என்று கரண்டியை ஓங்குவாள்.

பிறகு கடைத்தெருவில் அவள் புளி கேட்டபோது கடைக்காரர், "எதுக்காக்கும்?" என்றார். பிள்ளைகள் பின்னாலேயே, "ஆக்கும், ஆக்கும்" என்று வந்தார்கள். அதற்கும் அவள் சிரித்துக்கொண்டுதான் போனாள். முன்னளவுக்கு இல்லை.

ஒருநாள் காலை, அவள் தம்பி கல்குவாரியில் பாறை சரிந்து இறந்துவிட்டான் என்று போன் வந்தது.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே முற்றத்தில் விழுந்தாள்.

"எனக்க தம்பியே... ஒனக்க அக்காக்கிட்ட ஒரு வாக்கு சொல்லாமப் போயிட்டியே மக்கா..."

எல்லாரும் ஓடி வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அவள் குரல் மேலே போய், வளைந்து, இறங்கியது.

ஒரு பெண்ணின் உதடு கோணியது. இன்னொருத்தி சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான். தோள் மட்டும் குலுங்கியது.

அழுகையில் குலுங்குகிற தோள் எது, சிரிப்பில் குலுங்குகிற தோள் எது என்று தெரியாதவளா அவள்?

ரெத்தினபாய் அவனைப் பார்த்தாள். மற்ற முகங்களையும் பார்த்தாள். அழுகையை நிறுத்தினாள். எழுந்து, முகத்தைக் கழுவி, பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டாள்.

பதினாறு கழிந்து திரும்பி வந்தவள் கூப்பிடவில்லை. சோறு ஆனதும் ஒரு மணியை எடுத்து அடித்தாள்.

செங்கோடன் அடுக்களைக்குப் போனான். "என்னை மன்னிச்சிடு, ரெத்தினபாய்."

"பரவாயில்லைங்க. மோர் வேண்டுமா?" என்றாள். வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்தது.

"ஊரில் எல்லாம் நல்லபடியா நடந்ததா?"

"நடந்ததுங்க. எல்லாரும் அழுதார்கள். நானும் அழலாம் என்று வாயைத் திறந்தேன். உங்கள் மொண்ணையன் குரல் வந்தது. மூடிக்கொண்டேன்."

மோரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செங்கோடன் குருவிடம் வந்தான். குரு கிணற்றடியில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்.

"குருவே, ஊரில் தம்பிக்காக அழக்கூட அவளுக்கு வாய் வரவில்லையாம். அவள் பழையபடி பேச வேண்டும். நான் என்ன செய்ய?"

"மன்னிப்புக் கேட்டாயா?"

"கேட்டேன். மோர் கொடுத்தாள்."

குரு வேட்டியைப் பிழிந்தார்.

"நான் கதை சொன்னபோது நீங்களும் சிரிச்சீங்களே குருவே. அப்பவே தடுத்திருக்கலாமே?"

"சிரிச்சுக்கிட்டிருந்தவன் எப்படித் தடுப்பேன்?"

குரு வேட்டியை உதறிக் கொடியில் போட்டார்.

"இன்னைக்கு மொண்ணையனுக்கு உங்க அம்மா பேச்சைக் கொடு."

"எங்க அம்மா பேச்சையா?"

"அது உன் வீட்டுச் சொத்துதானே. யார்கிட்டேயும் களவாட வேண்டாம்."

அன்று சாயங்காலம் ராஜா மரத்தை வெட்டச் சொன்னார். மொண்ணையன் கையைக் கட்டிக்கொண்டு, "ஏனுங் ராசா, மரத்து மேல நானில்லீங் உக்காந்திருக்கறேன்! முன்னாடி ஆர வெட்டறதுங்?" என்றான்.

முன்னைவிடப் பெரிய சிரிப்பு. ஒரு கிழவருக்குப் புரையேறிவிட்டது. வீட்டுக்குப் போகும்போதே பிள்ளைகள், "ஏனுங், ஏனுங்" என்று கத்திக்கொண்டு போயின.

செங்கோடன் நன்றாகத்தான் சொன்னான். அம்மாவின் இழுப்பு, அம்மாவின் தலையாட்டல், ஒன்றும் தப்பவில்லை. கைதட்டல் அவனுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

மறுநாள் காலை குரு மடத்துப் போனை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"அம்மாகிட்டப் பேசு."

அந்தப் பக்கம் மணி போனது. எடுத்தார்கள்.

"ஆரு, செங்கோடனா? ஏஞ்சாமி, நல்லாருக்கறயா? சோறு உண்டயா? நம்ம செவலை கன்னு போட்டிருக்குது கண்ணு. சீம்பாலு காச்சறப்ப உன்ற நெனப்புத்தான். உனக்கு ஒரு வாய் குடுக்க முடியலையேன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது சாமி... ஏங் கண்ணு, பேச மாண்டீங்கற? அலோ? சாமி?"

செங்கோடன் போனை வைத்துவிட்டான்.

"என்ன சொன்னாங்க?" என்றார் குரு.

"மாடு கன்னு போட்டிருக்காம்."

"அப்புறம்?"

அவன் போனைக் குருவிடம் நீட்டினான்.

"சிரிப்பு வந்ததா?"

"வந்தது, குருவே."

அடுக்களையில் மணி அடித்தது. குரு கை கழுவத் தொட்டிப் பக்கம் நடந்தார். செங்கோடன் பின்னாலேயே ஓடினான்.

"குருவே, நாளைக்கு எங்க அம்மாவுக்கு ஒண்ணு ஆயிட்டால் நான் எப்படி அழுவேன்?"

குரு தண்ணீரை மொண்டு கையில் ஊற்றிக்கொண்டார்.

"ரெத்தினபாய் ஊருக்குப் போய் அழுதாளே, அப்படி."