மூன்றாம் பரிந்துரைக் கடிதம்

இக்கதையை நான் முதன்முதலில் கேட்டது 2014 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், கோவை ரயில் நிலையக் காத்திருப்பு அறையில். சொன்னவர் ஜெயசீலி. மேலாண்மைக் கல்லூரி நேர்காணல்களுக்கு ஆட்களைத் தயார்செய்பவர். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. தாம் இதைத் தம் முன்னாள் மாணவர் ஒருவரிடம் கேட்டதாகச் சொன்னார். ஈராண்டு கழித்து ஜெயசீலியையே மறுபடி சொல்லக் கேட்டு ஒப்பிட்டேன். கதையில் வரும் மதிப்பெண் மட்டும் மாறியிருந்தது: ஐம்பத்தொன்று, ஐம்பத்து நான்காகியிருந்தது. முதலில் கேட்டதையே இங்குத் தருகிறேன்.

வஹிதா என்றோர் ஆசிரியை இருந்தார். மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் ஆறாண்டுகள் விண்ணப்பங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தவர். பின்னர் அதை விட்டுவிட்டு, கோவையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், ஞாயிறுதோறும் விண்ணப்பிப்போருக்கு வழிகாட்டிவந்தார்.

அவரிடம் சென்னியப்பன் வந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மேற்பார்வையாளர். ஆசிரியையைவிட மூன்று வயது மூத்தவர். பட்டப்படிப்பில் ஐம்பத்தொரு சதவீதம், அதிலும் இரண்டு அரியர். முன்பு இருமுறை விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர். படிக்கப்போக இந்த ஓராண்டு மட்டுமே கம்பெனி விடுப்புத் தரும் என்று சொல்லிவிட்டது.

"என்னோட ஐம்பத்தொண்ண எதை வெச்சுங்க மேடம் மறைக்கறது?"

ஆசிரியை விண்ணப்பத்தைப் புரட்டினார். நுழைவுத் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதினான்கு ஆண்டு அனுபவம் இருந்தது. இரண்டு பரிந்துரைக் கடிதங்களும் இருந்தன.

"இது உங்க முதலாளி எழுதினதா?"

"அவருதானுங்க கையெழுத்துப் போட்டாரு."

"எழுதினது?"

"நீயே எழுதிட்டு வா, போட்டுத் தர்றேன்னுட்டாருங்க. எல்லாரும் அப்படித்தானுங்களே."

"அதான் பார்த்தேன். உங்க நல்ல குணத்துல ஒண்ணைக்கூட அவர் மறக்கல."

சென்னியப்பன் சிரித்தார். ஆசிரியை சிரிக்கவில்லை.

"மூணாவதா ஒரு கடிதம் வைக்கலாம்னு விதியில இருக்கே, வைக்கலையா?"

"எம்.எல்.ஏ. கிட்டக் கேட்டுப் பாக்கட்டுங்களா?"

"வேண்டாம். உங்களுக்குக் கீழ வேலை செய்யறவங்க யார்கிட்டயாவது வாங்கிட்டு வாங்க."

சென்னியப்பன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அவங்க எனக்குச் சர்டிபிகேட் குடுக்கறதுங்களா? என்னங்க மேடம் இது!"

"ஆறு வருஷம் விண்ணப்பம் படிச்சிருக்கேன். மார்க்கை ஒரு தடவைதான் பார்ப்பேன். அப்புறம், இந்த ஆளுக்குக் கீழ இருந்தவங்க என்ன ஆனாங்கன்னு தேடுவேன். எந்த விண்ணப்பத்துலயும் அது இருந்ததில்ல."

சென்னியப்பன் மெல்ல உட்கார்ந்தார்.

"அவங்களே எழுதணும். நீங்க படிக்கக் கூடாது. உறையை ஒட்டி வாங்கிட்டு வாங்க."

சற்று யோசித்ததும் அவர் முகம் தெளிந்தது.

"மாராத்தாக்கா இருக்காங்க. முந்தி எங்க செக்கிங்ல இருந்தாங்க. என்மேல உசுரையே வெச்சிருக்காங்க. அவங்க போதுமுங்க."

அடுத்த ஞாயிறு விண்ணப்பத்தின் கடைசி நாள். மாலை ஆறு மணிக்கு இணையவாசல் மூடிவிடும். பிற்பகல் நான்கு மணிக்குச் சென்னியப்பன் ஒட்டிய உறையோடு வந்தார். ஆசிரியை பிரித்து, உரக்கப் படித்தார்.

"கல்லூரி அய்யாவுக்கு மாராத்தாள் எழுதிக்கொள்வது. நான் பதினோரு வருசம் செக்கிங்கில் இருந்தேன். வெளிநாட்டுக்காரர் சரியென்று சொன்ன நிறத்தில் ஒரு துண்டுத் துணி என் மேசையில் தொங்கும். ஒவ்வொரு பனியனையும் அதோடு வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால் நான் பார்த்து அனுப்பிய நீலப் பனியன் அத்தனையும் நிறம் வேறு என்று திரும்பி வந்துவிட்டது. மேசைத் துணியோடு வைத்துப் பார்த்தேன். வேறாகத்தான் இருந்தது. நான் பார்த்தபோது ஒன்றுபோல இருந்ததே என்று அழுதேன்.

"முதலாளி என்னை நிறுத்தச் சொன்னார். சென்னியப்பன் சார்தான் எனக்காகப் பேசி, பிசிறு வெட்டும் பகுதியில் போட்டு, வேலையைக் காப்பாற்றினார். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அன்றிலிருந்து என் கண்ணை நான் நம்புவதில்லை. கண் டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். நான்தான் கேட்டு வாங்கிக் கண்ணாடி போட்டிருக்கிறேன். என் மகள் கல்யாணப் பட்டைக்கூட நான் எடுக்கவில்லை. நிறம் தப்பிப் போகுமென்று நாத்தனாரை அனுப்பினேன். இப்படிப்பட்ட என்னையும் ஒதுக்காமல் வைத்திருப்பவர் சார். அவருக்கு அவசியம் இடம் தர வேண்டும்."

ஆசிரியை தாளைக் கீழே வைத்தார்.

"இனி உங்க ஐம்பத்தொண்ண ஒருத்தரும் பார்க்க மாட்டாங்க. ஆறு வருஷத்துல இப்படி ஒரு கடிதம் நான் படிச்சதில்ல."

ஆசிரியை நிமிர்ந்தார். சென்னியப்பன் இரண்டு கைகளாலும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணப் பட்டு..." என்றார். "அது எனக்குத் தெரியாதுங்க. கண்ணு தெரியலேன்னு கண்ணாடி போட்டிருக்காங்கன்னுதான் இத்தன நாளா நெனச்சேன்."

"என்ன சொல்றீங்க?"

"அவங்க கண்ணுல ஒண்ணும் இல்லீங்க மேடம். அதுக்கு முந்தின வருசத்து ஆர்டரோட துணியை அவங்க மேசையில தொங்கவிட்டது நானு. பாக்காம எடுத்து மாட்டிட்டேன். அவங்க அதோட வெச்சுச் சரியாத்தான் பாத்திருக்காங்க."

இவ்விடத்தில் ஜெயசீலி இருமுறையும் கதையை நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

"திரும்பி வந்தப்ப அந்தம்மா வெச்சுப் பார்த்த துணி?" என்று கேட்டார் ஆசிரியை.

"சரக்கு வருதுன்னு போன் வந்ததுமே மாத்திட்டேனுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான்."

ஆசிரியை கடிதத்தைத் தொட்டார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

சென்னியப்பன் சொன்னார்.

"இது வேண்டாமுங்க மேடம். இதை வெச்சு உள்ள போனா எனக்கு ஆகாது. இன்னும் நேரமிருக்கு. எனக்குக் கீழ கட்டிங் மாஸ்டரா இருக்கற தம்பி ஒருத்தன் இங்க கோயமுத்தூர்லதான் இருக்கான். அவங்கிட்ட வேற ஒண்ணு வாங்கிட்டு வந்தறட்டுங்களா?"

"முதல்ல அந்தம்மாவைக் கண்ணாடியைக் கழட்டச் சொல்லுங்க."

சென்னியப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்பப் பஸ் ஏறுனாலும் அவங்க வீட்டுக்குப் போகவே ஆறாயிருமுங்க. அதுக்குள்ள இங்க மூடிருவாங்க. மூணாவது கடிதம் இல்லாம அனுப்பினா முந்தி மாதிரியே தள்ளிருவாங்க. இனி அடுத்த வருசம்னா எனக்கு லீவே கெடைக்காது. போன்ல சொல்லிறட்டுங்களா?"

ஆசிரியை கடிதத்தை மடித்து, உறைக்குள் இட்டு, அவர் கையில் கொடுத்தார்.

"துணியைப் போன்லயா மாத்துனீங்க?"

ஜெயசீலியின் பாடம், அதாவது அவர் சொன்ன கதைவடிவம், இவ்வளவே.

சென்னையில் 2017இல் நான் பதிவுசெய்த பாடத்தில் சென்னியப்பன் பஸ் ஏறுவதில்லை. கடிதத்தை அனுப்பிவிடுகிறார், இடமும் கிடைக்கிறது. முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் நல்ல மேலாளருக்கு உதாரணமாக அதையே வாசிக்கிறார். கேட்டிருந்தவர்கள் அவ்விடத்தில் சிரித்தார்கள். ஈரோட்டில் சொல்பவர்கள் அவரைத் திருப்பூருக்கு அனுப்பி, விண்ணப்ப நேரத்தைத் தவறவிடச் செய்கிறார்கள். மூன்றாம் முறையும் அவருக்கு இடமில்லை.

திருப்பூரில் பிசிறு வெட்டும் பெண் ஒருவர், 2019 பிப்ரவரியில், வேலையினூடே எனக்குச் சொன்ன பாடத்தில் கல்லூரியே இல்லை. ஆசிரியையும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. மேசையில் துணி மாறுவதில் தொடங்குகிறது. ஒரு திங்கட்கிழமை காலை சார் எல்லார் முன்னிலையிலும் வந்து உண்மையைச் சொல்கிறார். மாராத்தாள் கண்ணாடியைக் கழற்றுகிறாள். பழைய துணியையும் புதிய துணியையும் கேட்டு வாங்கி, ஜன்னலோரம் போய், வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்க்கிறாள். பிறகு திரும்பி, "ரெண்டு வருசமாச்சேங்க சார்?" என்கிறாள்.