கோட்டுக்கு வெளியே டில்லிபாபு

கால்பந்து ஆட்டக்காரர்கள் ஒருநாள் ஓய்வு பெறுகிறார்கள் என்று உலகம் நம்புகிறது. இதைவிடப் பரவலான, இதைவிடத் தீங்கான பிழை வேறு இல்லை. ஓய்வு பெறுவது சட்டை மட்டும்தான். மாலை போட்டு, சால்வை போர்த்தி, குழுப்படம் எடுத்து அனுப்பி வைப்பது மனிதரை. கால்களுக்கு யாரும் தகவல் சொல்வதில்லை.

டில்லிபாபு வடசென்னையில் நீலக்கொடி கால்பந்துக் கழகத்துக்காகப் பதினாறு வருடம் ஆடினார். வலப்பக்கத் தடுப்பாட்டம். பதினாறு வருடமும் நாலாம் டிவிஷன். கழகம் மேலே போனதில்லை. அவர் ஆடியவரை கீழேயும் போனதில்லை. முப்பத்தெட்டு வயதில் முட்டி ஒத்துழைக்க மறுத்ததும் கழகம் அவரையே மேனேஜர் ஆக்கியது.

அவர் நேராக ஃப்ளோரா மாஸ்டரிடம் போனார்.

ஃப்ளோரா அதே கழகத்தின் பெண்கள் அணியைப் பல வருடமாக நடத்தி வருபவர். கோச்சை மாஸ்டர் என்று அழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். குரு என்றால் நரைத்த தாடி இருக்க வேண்டும் என்பது கதைகளின் வழக்கம். ஃப்ளோராவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடனை அவர் "அண்ணா" என்றுதான் கூப்பிட்டார்.

"மாஸ்டர், மேனேஜர்னா இன்னா செய்யணும்?"

"அந்தக் கோட்டுக்கு வெளியே நில்லுங்கண்ணா."

அவர் மைதானத்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் நின்றார். ஃப்ளோரா ஒரு பந்தைக் கோட்டோரமாக உருட்டி விட்டார். அது டில்லிபாபுவின் அருகே வந்தது. அவர் காலால் நிறுத்தி, அழகாகத் திருப்பி அனுப்பினார்.

"ஏன் தொட்டீங்க?"

"பந்து வந்துச்சே மாஸ்டர்."

"வந்துச்சு. உங்ககிட்டயா வந்துச்சு?"

அடுத்த நாளும் பந்து வந்தது. அடுத்த நாளும் தொட்டார்.

சீசன் பாதி தாண்டியபோது ஒரு மாலை, பந்து அவர் ஷூவை உரசிக்கொண்டு போயிற்று. அவர் அசையவில்லை. இரண்டு கைகளாலும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தேறிட்டேனா மாஸ்டர்?"

"இன்னைக்குப் பந்து மெதுவா வந்துதுண்ணா" என்றார் ஃப்ளோரா.

இதற்கிடையே டில்லிபாபு தன் பழைய இடத்துக்கு ஓர் ஆளைத் தயார் செய்தார். பெயர் லோகு. மீன் ஏலக் கூடத்தில் காலை வேலை, மாலையில் வலப்பக்கத் தடுப்பாட்டம். டில்லிபாபு அவனுக்குக் கற்றுத் தந்தவற்றில் முக்கியமானது இது: ஒரே பந்துக்கு நம்மாள் இரண்டு பேர் போனால் ஒருவன் குரல் கொடுக்க வேண்டும், மற்றவன் விட்டுவிட வேண்டும்.

"இடிச்சிக்கினு ரெண்டு பேரும் வுழுந்தீங்கன்னா எவனாவது சிரிச்சிக்கினே கோல் போட்டுட்டுப் போவான். குரல் கேட்டா வுட்டுடணும். யார் குரல்னு யோசிக்கக்கூடாது. புரிதா?"

"புரிதுண்ணா."

சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தால் நாலாம் டிவிஷனில் நீடிக்கலாம். தோற்றால் ஐந்தாவது.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. இரு பக்கமும் கோல் இல்லை. லோகு பந்தோடு முன்னேறிப் போய் அதைப் பறிகொடுத்தான். எதிரணி ஆள் காலியான வலப்பக்கத்தில் ஓடி வந்தான். கோட்டுக்கு வெளியே அவனுக்கு இணையாக டில்லிபாபுவும் கத்திக்கொண்டே ஓடினார். கோல்கீப்பர் இம்தியாஸ் முன்னால் பாய்ந்தான். பந்து அவன் தலைக்கு மேலே எழும்பிப் பின்னால் விழுந்து, காலி கோலை நோக்கி மணலில் உருண்டது.

அப்போது நடந்ததைப் பார்த்தவர்கள் பின்னாளில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒன்றில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த மைதானத்தில் அவ்வளவு சுத்தமான தடுப்பை யாரும் பார்த்ததில்லை. சறுக்கி வந்த கால், கோல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் பந்தைச் சந்தித்தது. பந்து வேலிக்கு அப்பால் பறந்தது. தடுத்தவர் எழுந்து, சட்டையில் மணலைத் தட்டினார்.

சட்டை கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. பாக்கெட்டில் மூக்குக் கண்ணாடி இருந்தது.

யாரும் அசையவில்லை. நடுவரின் வாயில் விசில் இருந்தது, அவர் ஊதவில்லை. எதிரணி ஆள் தலையில் இரண்டு கையையும் வைத்தபடி நின்றான். வேலியோரம் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் டம்ளர் நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தார். இம்தியாஸ் படுத்த நிலையிலேயே, "அண்ணா, நீயா?" என்றான்.

அதன் பிறகுதான் டில்லிபாபு குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். கோடு வெகு தூரத்தில் இருந்தது.

விசில் ஒலித்தது. சிவப்பு அட்டை. பெனால்டி. கோல்.

நீலக்கொடி ஐந்தாம் டிவிஷனுக்கு இறங்கியது.

எல்லோரும் போன பிறகு டில்லிபாபு தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இம்தியாஸும் லோகுவும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். ஃப்ளோரா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"நான் செஞ்சது தப்புதான் மாஸ்டர். பதினாறு வருஷம் நின்ன டிவிஷன். நானே தள்ளி வுட்டேன்." தாழ்ந்த குரலில், "ஆனா நான் போகலன்னாலும் கோல்தானே? அங்க யாரும் இல்லையே?" என்றார்.

ஃப்ளோரா திரும்பினார். "லோகு, அப்ப நீ எங்க இருந்தே?"

லோகு தரையைப் பார்த்தான்.

"சொல்லுடா."

"பந்துகிட்ட, மாஸ்டர்."

டில்லிபாபு நிமிர்ந்தார். "எந்தப் பந்துகிட்ட?"

"அதே பந்துதாண்ணா. திரும்பி ஓடி வந்துட்டேன். காலைத் தூக்கிட்டேன்."

"அப்புறம் ஏன்டா அடிக்கல?"

"நீங்க குரல் குடுத்தீங்கண்ணா. 'வுடு, என்னுது'ன்னு. அதான் வுட்டுட்டேன்."

"நானா? நான் எங்கடா கத்துனேன்?"

"மார்க்கெட் வரிக்கும் கேட்டிருக்கும்ணா" என்றான் இம்தியாஸ்.

டில்லிபாபு தன் வாயையே வேறொருவருடையதைப் போல விரலால் தொட்டுப் பார்த்தார். லோகு அங்கே இருந்ததை அவர் பார்த்திருக்கவில்லை. பந்தை மட்டுமே பார்த்திருந்தார்.

ஃப்ளோராவிடம் திரும்பிக் கேட்டார்: "முதல் நாளே கேட்டேன் மாஸ்டர், மேனேஜர்னா இன்னா செய்யணும்னு. நீங்க வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லல. இப்பவாச்சும் சொல்லுங்க."

ஃப்ளோரா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்.

"லோகுகிட்ட கேளுங்கண்ணா. கோல் வாசல்ல, காலைத் தூக்கினப்புறம் வுட்டிருக்கான். எப்படி வுட்டான்னு கேளுங்க."

மேனேஜர் பதவிக்கு வேறு யாரும் விருப்பம் தெரிவிக்காததால், சிவப்பு அட்டைக்கான தடைக்காலம் முடிந்ததும் டில்லிபாபு திரும்பி வந்தார். ஐந்தாம் டிவிஷனில் அவருடைய முதல் ஆட்டம். நீலக்கொடி ஒரு கோல் முன்னிலை. பந்து வெளியே உருண்டு அவர் காலடிக்கு வந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பந்து அவரைத் தாண்டிப் போய் மழைநீர் வடிகாலில் விழுந்தது. லோகு இறங்கித் தேடி எடுத்து வர இரண்டு நிமிடம் ஆயிற்று.

வேண்டுமென்றே நேரம் கடத்தியதாக லோகுவுக்கு மஞ்சள் அட்டை காட்டப்பட்டது.