பறவைநாகத்தின் பெயர்

"சுவாமி, பதினாலு வருஷம் வீணாப் போச்சு" என்றார் மாசாத்தன்.

அவருக்கு வயது அறுபது. சுவாமி சேந்தனுக்கு முப்பதுகூட இருக்காது. ஆனாலும் காலில் விழுந்தார். காரியம் ஆக வேண்டுமே.

"எதைத் தேடினீங்க, பெரியவரே?"

"பறவைநாகத்தோட, அந்த றெக்கை முளைச்ச பாம்போட நிஜப் பேரை. துறைமுகம் துறைமுகமாப் போய்க் கேட்டேன். யவனன் 'பார்க்கிறவன்'னு சொன்னான். பனிநாட்டுக்காரன் 'மண்ணுல கிடக்கிறவன்'னான். சீனத்து மாலுமி வாயே திறக்கலை. மேகத்தைக் காட்டிட்டுப் போயிட்டான்."

"நம்ம ஆளுங்க?"

"பாம்பையே 'நல்லது'ன்னு சொல்றவங்கதானே! எல்லாம் அடையாளம், சுவாமி. பேர் எங்கே?"

பெயர்களைத் தொகுத்து மாசாத்தன் எழுதிவந்த சுவடியில் கடைசி ஓலை காலியாக இருந்தது. அதை நிரப்பத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினார். திரும்பி வந்தபோது மனைவி உயிரோடு இல்லை. பெயரும் கிடைக்காவிட்டால் போன வருஷங்களுக்கு என்ன பதில்?

"எனக்குத் தெரியும்" என்றார் சேந்தன்.

மாசாத்தன் எழுத்தாணியை எடுத்தார். "சொல்லுங்க."

"இங்கேயா? பேர் சொல்லிக் கூப்பிட்டா அது திரும்பிப் பார்க்க வேண்டாமா? பக்கத்துல போய்ச் சொல்றேன்."

நடந்தார்கள்.

மலையடிவாரத்து ஊரில் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. கைதட்டித்தான் கூப்பிட்டார்கள். மாசாத்தனுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏன் இப்படி?"

"தப்பித்தவறிப் பறவைநாகத்தோட பேரும் அதுவா இருந்துட்டா? முழிச்சுக்குமே!" என்றார் சேந்தன்.

உச்சியில் ஒரு பிளவு. அதிலிருந்து வெதுவெதுப்பான மூடுபனி வெளியே வந்தது. நின்றது. பிறகு மெல்ல உள்ளே போனது.

மறுபடி வந்தது.

மாசாத்தனின் காலடியில் பாறை கொஞ்சம் உயர்ந்து, தாழ்ந்தது. எதிர்மலையும் கூடவே உயர்ந்தது. அதற்கு அப்பால் இருந்த மலையும்.

இவ்வளவு பெரிதா!

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணீர் தாடியில் இறங்கியது. பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அதன் மேல் புல் முளைத்திருந்தது. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

கீழே ஊரில் யாரோ தன் பிள்ளையைக் கைதட்டி அழைத்தார்கள்.

"எழுதிக்கோங்க" என்றார் சேந்தன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உரக்கக் கூப்பிட வாயைத் திறந்தார்.

மாசாத்தன் எழுத்தாணியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, இரண்டு கையாலும் குருவின் வாயைப் பொத்தினார்.